‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பி, குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவைத் தாண்டினால் ஒரு சந்து வரும். அங்கே இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடி அறை ஒன்றில் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பார்ப்போம். ஏழெட்டு வருடமாக இது நடக்கிறது.

திருநெல்வேலியில் டீச்சராக இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். “எங்க பிள்ளைங்களுக்கும் போடலாம்னு இருக்கேன்க்கா, எப்படிப் போடணும்?” என்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை. அவளுக்கு எழுத ஆரம்பித்தது எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

இதைச் சேரிப் படம் என்பார்கள், கோடி ரூபாய் ஜெயித்த பையன் படம் என்பார்கள். எனக்கு இது காதல் படம். மழையில் நனைந்து நின்ற ஒரு சிறுமியை உள்ளே கூப்பிட்ட பையன், அதற்குப் பிறகு அவளை ஒரு நாளும் மறக்காமல் இருந்த கதை. அந்தப் பணம் அவனுக்கு வேண்டியதே இல்லை. அவள் டிவியில் அந்தக் கோடி ரூபாய்க் கேள்வி-பதில் நிகழ்ச்சியைப் பார்ப்பாள், தன் முகம் அவள் கண்ணில் படும் என்றுதான் அவன் போய் உட்கார்கிறான். இது பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள்

எப்போதோ பார்த்த ஞாபகத்தை நம்பிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் செய்தேன். 2009இல் தியேட்டரில் பார்த்தபோது என் மனதில் தங்கியது ரஹ்மானின் பாட்டும் கடைசி ஸ்டேஷன் காட்சியும்தான். நடுவில் என்னென்ன இருந்தது என்பதே மறந்து போயிருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கையில், பிச்சையெடுக்க வைப்பதற்காக ஒரு பையனின் கண்ணைக் குருடாக்கும் காட்சி வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். அவள் தம்பி சிக்னலில் பேனா விற்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போய் அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தத் தவறு நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பாருங்கள். படம் சரியாக இரண்டு மணி நேரம். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எங்கே நிறுத்த வேண்டும், எதைத் தாண்டிவிட வேண்டும் என்பது தானாக விளங்கும். அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ். அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். நான் பதினைந்து நிரம்பியவர்களுக்கு மட்டும் போடுகிறேன், அதுவும் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு.

எந்த மொழியில் போடுவது

மூலப் படத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம். ஆனால் பிள்ளைகள் சின்ன வயதில் வரும் பகுதி இந்தியில் இருக்கும். அப்படி மாற்றச் சொன்னவர் இந்தியாவில் இணை இயக்குநராக இருந்த லவ்லீன் டாண்டன். இந்த ஒரு யோசனைதான் படத்துக்கு உயிர் கொடுத்தது என்று நினைக்கிறேன். சேரியில் ஓடித் திரிகிற ஏழு வயதுப் பையன் ஆங்கிலம் பேசியிருந்தால் நாம் ஐந்தாவது நிமிடமே விலகிப் போயிருப்போம். முழுவதும் இந்தியில் ஒலிச்சேர்க்கை செய்து ‘ஸ்லம்டாக் குரோர்பதி’ என்றும் வெளியிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ, வீட்டில் தமிழ் என்று வளர்கிறவர்கள். அதனால் நான் மூலத்தையே போடுகிறேன். இந்தி புரியாத பிள்ளைகள் என்றால் எழுத்து ஓடும் பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். வசன எழுத்துகள் திரையின் கீழே அடங்கி இருக்காமல், பேசுகிறவர் பக்கத்திலேயே வண்ணப் பட்டைகளில் வந்து நிற்கும். படிக்க எளிது.

நேரம், இடம், சாப்பாடு

எங்கள் கூரை தகரம். ஏப்ரல் மதியம் உள்ளே உட்கார முடியாது. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும், பெண்பிள்ளைகள் குடத்தோடு நிற்க வேண்டும். அதனால் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துவிடுவேன். ஜன்னலுக்குப் பழைய புடவை கட்டினால் போதும், இருட்டாகிவிடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். பேசுவதற்கு நேரம் இல்லாவிட்டால் படம் போடுவதில் அர்த்தமே இல்லை.

டிவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தனி ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கிய படம் இது. ரயில் தடதடப்பும் ஸ்டேஷன் இரைச்சலும் காதில் விழாவிட்டால் பாதிப் படம் போய்விடும்.

இடைவேளைக்கு இட்லி. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, பெரிய பாத்திரத்தைத் தலையிலும் சைக்கிளிலும் வைத்துக்கொண்டு மும்பை முழுக்க விற்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கென்று ஒரு தட்டு எடுத்து வைப்பார்.

தொடங்கும் முன் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்

விக்காஸ் ஸ்வரூப் 2005இல் எழுதிய ஆங்கில நாவலை வைத்துத் திரைக்கதை எழுதியவர் சைமன் பூஃபாய், இயக்கியவர் டேனி பாயில். தாராவியிலும் ஜுஹு பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலும் எடுத்தார்கள். குறுகிய சந்துகளுக்குள் பையன்கள் பின்னாலேயே ஓடிப் படம்பிடிக்கச் சின்ன டிஜிட்டல் கேமராவைப் பயன்படுத்தினார் ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேண்டில். அமெரிக்காவில் படத்தை வெளியிட இருந்த நிறுவனம் மூடப்பட்டதால், தியேட்டருக்கே போகாமல் நேராக டிவிடியாகிவிடும் நிலைமை இருந்தது. அப்புறம் வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டு 2008 நவம்பரில் வெளியிட்டது. 2009 பிப்ரவரியில் அதே படம் எட்டு ஆஸ்கர் வாங்கியது. படத்தின் நாயகனைப் போலவே படமும் கீழே கிடந்து எழுந்ததுதான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். முகம் மலர்ந்துவிடும்.

ரஹ்மான் பற்றி நீங்கள் சொல்லத் தேவையே இல்லை, பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் ஒன்றை நான் சொல்லாமல் விடமாட்டேன். அந்த ஆஸ்கர் விழா இங்கே திங்கட்கிழமை காலையில் வந்தது. என் அப்பா தோல் பதனிடும் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ரஹ்மான் மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்றதும் அப்பா நிமிர்ந்தார். அந்த விழா முழுவதிலும் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். அன்று முழுக்க கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பையன்கள் சேரிக்குள் ஓடும்போது வரும் ‘ஓ… சாயா’ பாட்டில் ரஹ்மானோடு பாடியிருப்பவர் எம்.ஐ.ஏ., லண்டனில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாயா அருள்பிரகாசம். பாட்டு வரும்போது நினைவூட்டுங்கள்.

படத்தின் பெயரில் உள்ள ‘டாக்’ என்கிற வார்த்தையைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். 2009 ஜனவரியில் இந்தப் பெயருக்கு எதிராகப் பாட்னாவிலும் மும்பையிலும் குடிசைவாசிகள் தெருவுக்கு வந்தார்கள். நாய் என்று திட்டவில்லை, ஜெயிக்கமாட்டான் என்று எல்லாரும் நினைக்கும் ஆளைக் குறிக்கும் ‘அண்டர்டாக்’ என்பதோடு சேர்த்துச் செய்த சொல் என்று இயக்குநர் விளக்கம் சொன்னார். இரண்டையும் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகளை இந்தப் படத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு பையன் ‘மூணாவது ஆள்’ என்று வைத்தான். அது எவ்வளவு சரியான பெயர் என்று பின்னால் சொல்கிறேன்.

நிறுத்த வேண்டிய இடங்கள்

ஆரம்பமே போலீஸ் ஸ்டேஷன். நாயகன் ஜமாலைத் தொங்கவிட்டு அடிக்கிறார்கள், மின்சாரம் வைக்கிறார்கள். டீ கொடுக்கிற பையனுக்கு இவ்வளவு விடை எப்படித் தெரியும் என்பதுதான் அவன் மேல் உள்ள குற்றம். பிள்ளைகள் இதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வதை எழுதிப் போடுகிறேன். எங்கள் சந்துப் பையன்களுக்கு அது காதல் கதையை விட அவசரமாகத் தேவைப்படும் விஷயம்.

கழிப்பறைக் காட்சியில் நிறுத்த வேண்டாம், முகங்களைப் பாருங்கள். அமிதாப் பச்சனைப் பார்க்கும் ஆசையில் ஜமால் மலக்குழிக்குள் குதித்து, அந்தக் கோலத்திலேயே ஓடி ஆட்டோகிராப் வாங்குவான். படப்பிடிப்பில் பயன்படுத்தியது நிலக்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும். ஒவ்வொரு வருடமும் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. பொதுக் கழிப்பறை வரிசையில் விடியற்காலையில் நிற்பது அவர்கள்தானே. ஒரு வருடம் இதைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினோம், பையன்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலவரக் காட்சிக்கு நான் முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் பேசுவேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நடந்தது அது. சுமார் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்குச் சொன்னது. அப்போது எனக்குப் பதினேழு வயது. விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் மூன்று பேர் எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பம். என் அம்மா அந்த வீட்டுக் குழந்தையின் வாயைப் பொத்தவில்லை, பால் கொடுத்துக்கொண்டே இருந்தார், அழாமல் இருக்க. இந்தப் பிள்ளைகள் அதெல்லாம் நடந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஜமாலின் அம்மா ஒரே அடியில் தண்ணீரில் விழுவது அவர்களுக்கு எங்கோ நடந்த கதையாகத் தெரியக் கூடாது. உங்கள் ஊரில் அப்படிக் கலவரம் நடக்காமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் இந்த இடத்தில் அதிகம் பேசாமல், படம் முடிந்த பின் அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள்.

கண்ணைக் குருடாக்கும் காட்சியை நான் இப்போது ஓட்டிவிடுகிறேன். என்ன நடக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு ரிமோட்டை அழுத்துவேன். கதைக்கு ஒரு குறையும் வருவதில்லை. பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பிச்சையெடுக்க விடுபவன் பெயர் மாமன். தமிழ்ப் பிள்ளைகள் காதில் அது தாய்மாமனாகத்தான் விழும், அதனால் முதலிலேயே அது அவன் பெயர் என்று சொல்லிவிடுங்கள்.

மழையில் நிற்கும் பெண்

இனிதான் விஷயமே. கலவரத்தில் அம்மாவை இழந்த சலீமும் ஜமாலும் ஒரு கொள்கலனுக்குள் மழைக்கு ஒதுங்கி இருப்பார்கள். வெளியே லத்திகா என்ற சிறுமி கொட்டும் மழையில் நனைந்துகொண்டு நிற்பாள். அண்ணன் சலீம் அவளை விடக் கூடாது என்பான். தம்பி ஜமால் அவள் நம் மூன்றாவது மஸ்கட்டியராக (கதையில் வரும் மூன்று வீர நண்பர்களில் ஒருவராக) இருக்கட்டுமே என்பான். அண்ணன் தூங்கிய பிறகு அவளைக் கூப்பிடுவான். அவள் வருவாள்.

இந்தக் காட்சியை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை சும்மா பார்க்கட்டும். இரண்டாம் தடவை லத்திகாவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கெஞ்சவில்லை, கதவைத் தட்டவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பிள்ளை கூட இதை முதல் தடவையில் கவனித்ததில்லை.

அந்த மூன்று மஸ்கட்டியர் கதை பள்ளிக்கூடத்தில் வருவது. வாத்தியார் இரண்டு பேருக்கும் ஆதோஸ், போர்தோஸ் என்று பெயர் வைப்பார். மூன்றாவது பெயரை அவர்கள் தெரிந்துகொள்ளவே இல்லை. படத்தின் கடைசிக் கேள்வி, இரண்டு கோடி ரூபாய்க் கேள்வி, எது தெரியுமா? அந்த மூன்றாவது மஸ்கட்டியரின் பெயர் என்ன என்பதுதான். மூன்றாவது ஆள் யார் என்று ஜமாலுக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும், பெயர்தான் தெரியாது. உதவிக்குப் போன் செய்கிறான், அண்ணன் நம்பர் ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. போனை எடுத்துப் பேசுவது லத்திகா. அவளுக்கும் விடை தெரியாது. ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள், தப்பித்துவிட்டாள் என்று அந்தக் குரலில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் சிரித்துக்கொண்டே சும்மா ஒரு விடையைச் சொல்கிறான். ஜெயித்தாலும் தோற்றாலும் அவனுக்கு ஒன்றுதான். இந்த இடத்தில் நானும் ஒவ்வொரு வருடமும் அழுகிறேன், பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

நாவலில் இந்தக் காதல் இப்படி இல்லை. அங்கே நாயகன் நிகழ்ச்சிக்குப் போவது அதை நடத்துகிறவனைப் பழி வாங்க. திரைக்கதை எழுதியவர் பழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேடலை வைத்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கேளுங்கள். பையன்கள் பாதிப்பேர் பழிதான் என்பார்கள். பேசட்டும், குறுக்கே போகாதீர்கள்.

பிறகு பெண்பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுத்து, லத்திகா தானாக முடிவு எடுத்த இடங்களை எழுதச் சொல்லுங்கள். ரயிலுக்குப் பின்னால் ஓடி சலீம் கையைப் பிடிக்கிறாள், அவன் கையை விட்டுவிடுகிறான். பிறகு சலீம் துப்பாக்கியைக் காட்டித் தம்பியை வெளியே தள்ளும்போது, ஜமாலுக்கு ஆபத்து வரக் கூடாது என்று அவளே அவனைப் போகச் சொல்கிறாள். தாதா வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறாள், பிடித்து இழுத்துப் போய்க் கன்னத்தில் கத்தி போடுகிறார்கள். கடைசியில் மறுபடியும் ஓடி வருகிறாள். “ஜமால் நூறு தடவை தேடினான்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர், அவ ரெண்டு தடவை ஓடி வந்தா, அதுக்குத்தான் அடி விழுந்துச்சு” என்று ஒரு பெண் சொன்னாள். அவள் சொன்னதற்குப் பிறகுதான் எனக்கே இந்தப் படம் முழுசாகப் புரிந்தது. தேடுகிறவனை எல்லாரும் கொண்டாடுகிறோம். ஓடி வருகிறவள் தருகிற விலை அதைவிடப் பெரியது. படம் அவளுக்கு வசனம் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறது, அது ஒரு குறைதான். ஃப்ரீடா பின்டோவுக்கு அது முதல் படம், அந்தக் கண்களை வைத்துக்கொண்டே நிறையச் சொல்லியிருப்பார்.

கேள்விகளை வைத்து ஒரு விளையாட்டு

படம் முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் ஜமால் விடையை எங்கே கற்றான் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ராமர் கையில் வில் அம்பு: கலவரத்தில். நூறு டாலர் நோட்டில் இருப்பவர் பெஞ்சமின் பிராங்க்ளின்: கண் போன நண்பன் அர்விந்த் சொல்லித் தெரிந்தது. ரிவால்வர் கண்டுபிடித்த கோல்ட்: அண்ணன் கையில் பார்த்தது. அதே சமயம், சின்னக் குழந்தைக்கும் தெரியும் ‘சத்யமேவ ஜயதே’ அவனுக்குத் தெரியாது, பார்வையாளர்களைக் கேட்க வேண்டியிருக்கும். எது பொது அறிவு, யாருக்குப் பொது என்று இங்கே நல்ல விவாதம் நடக்கும்.

படத்தில் ஒரு தவறும் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொன்னால் கவனம் கூடும். ‘தர்ஷன் தோ கன்ஷ்யாம்’ பாட்டை எழுதியவர் சூர்தாஸ் என்று படத்தில் விடை சொல்வார்கள். உண்மையில் அது 1957இல் வந்த ‘நர்சி பகத்’ என்கிற இந்திப் படத்துக்காக கோபால் சிங் நேபாலி எழுதியது. தொலைக்காட்சி சொல்வது எல்லாம் சரி என்று நினைக்காதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வி எழுதச் சொல்வேன். பாடப் புத்தகத்தில் இல்லாதது, ஆனால் தனக்கு மட்டும் விடை தெரிந்தது. ஈரத்தோலுக்கு எவ்வளவு உப்பு போடுவது, பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் 13ஆம் காம்பவுண்டில் எந்தப் பிளாஸ்டிக்குக்கு எந்த விலை, பானை சூளையில் பஞ்சு வைத்தால் ஏன் அவ்வளவு புகை வருகிறது. இப்படி எழுதி வருவார்கள். அந்தத் தாள்களை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தத் தாள்கள்தான் படத்தில் இல்லாத ஒன்றை எனக்குக் காட்டின: வேலை. படத்தின் சேரியில் ஓட்டம் இருக்கிறது, குப்பை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஜமாலின் அம்மா துணி துவைக்கிறார், அதோடு சரி. தாராவியில் காலை ஆறு மணிக்கு நீங்கள் கேட்பது தையல் மிஷின் சத்தம். நீங்கள் எந்த ஊரில் இருந்து பார்த்தாலும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிவிடுங்கள். இங்கே இருப்பவர்கள் கோடிக்காக யாரும் கூப்பிடக் காத்திருப்பவர்கள் இல்லை.

சின்ன சலீமாகவும் சின்ன லத்திகாவாகவும் நடித்த அசாருதீனும் ரூபினாவும் பாந்த்ரா கிழக்கில் கரீப் நகரில் இருந்தவர்கள். ஆஸ்கர் மேடைக்குப் போய்வந்த சில மாதத்தில், 2009 மே மாதம், அசாருதீனின் குடிசை இடிக்கப்பட்டது. பிறகு படக்குழு ஏற்படுத்திய ‘ஜெய் ஹோ’ அறக்கட்டளை வீடு வாங்கிக் கொடுத்தது. இதைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். நானும் எதுவும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஐந்து மணிக்கு வி.டி.

தினமும் ஐந்து மணிக்கு வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனில் வந்து நிற்பேன், நீ வரும்வரை என்று ஜமால் லத்திகாவிடம் சொல்வான். பலகையில் இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று இருந்தாலும் எங்களுக்கு இன்னும் வி.டி.தான். கடைசி ‘ஜெய் ஹோ’ ஆட்டமும் அங்கேதான். அந்தப் படம் இந்தியாவில் வெளியானது 2009 ஜனவரி 23. அதற்கு இரண்டே மாதம் முன்னால், நவம்பர் 26 ராத்திரி, அதே ஸ்டேஷனில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் தியேட்டரில் அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது பக்கத்தில் யாரும் விசிலடிக்கவில்லை. படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மும்பையில் இருப்பவர்கள் படம் பார்த்த அடுத்த வேலைநாளில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் இருக்காது. நாங்கள் சயான் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஸ்லோ ரயில் ஏறுவோம். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊரிலேயே கூட்டம் மிகுந்த பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும், இன்னொருவர் எங்கிருந்தாவது கூட்டத்துக்குள் வந்து கண்டுபிடிக்க வேண்டும். போன் எல்லாம் என் பையில். பெண்பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், நான் என் தம்பி மனைவியைக் கூட்டிப் போவேன்.

ஐந்து மணிக்கு அந்த ஸ்டேஷனில் நிற்பது லேசான காரியம் இல்லை. ஆபீஸ் விட்ட கூட்டம் வீட்டுக்கு ஓடுகிற நேரம். ஒரு முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் பத்து முகம் தாண்டிப் போய்விடும். போன ஏப்ரலில் அந்த சிக்னல் பையனின் அக்காவும் வந்திருந்தாள். இப்போது காலேஜ் முடித்து எனக்கு உதவியாகக் கணக்கு எடுக்கிறாள். தேடுகிறாயா, நிற்கிறாயா என்று கேட்டேன். நிற்கிறேன் என்றாள். பெரிய கடிகாரத்துக்குக் கீழே, மஞ்சள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். தேடப் போனது அவள் தம்பி. பதினொரு நிமிடம் ஆனது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் ஓடி வந்து, “அக்கா!” என்று கத்தினான். பக்கத்தில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.